ஆலை நின்றபோது ரிலே என்ன பார்த்தது? வடசென்னை ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) ஆலைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மணலியிலோ எண்ணூரிலோ ஓர் ஆலையில் மோட்டார்கள் ஒன்றாக நின்றால், கன்ட்ரோல் ரூமுக்கு வரும் முதல் தகவல் பெரும்பாலும் இதுதான்: "சார், ஈ.பி.ல டிப் வந்துச்சு." அதாவது மின் வாரிய சப்ளையில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. பல சமயம் அது உண்மை. ஆனால் அந்த டிப் ஆலைக்குள் இருக்கும் ஒரு கேபிளிலோ மோட்டாரிலோ பிறந்ததாகவும் இருக்கலாம். எது என்று சொல்லக்கூடிய சாட்சி, சப்ளை உள்ளே நுழையும் இன்கமர் பேனலிலேயே உட்கார்ந்திருக்கிறது. 11 அல்லது 33 கிலோவோல்ட் பேனலில் இருக்கும் நியூமரிக்கல் ரிலே, அதாவது கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் டிஜிட்டல் பாதுகாப்புக் கருவி, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து பவர் குவாலிட்டி அனலைசர் வாங்குவதற்கு முன்னால் இந்த ரிலேயை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது எங்கே ஏமாற்றும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ரிலேயைத் தயார் செய்யுங்கள்

ரிலேயை நிறுவியவர்களின் கவலை பாதுகாப்பு மட்டும்தான். ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட் போன்ற கோளாறு) வந்தால் பிரேக்கர் திறக்க வேண்டும், அதுதான் ட்ரிப். அதனால் ரிலேக்குள் அலைவடிவத்தைப் பதியும் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர் பல இடங்களில் "ட்ரிப் ஆனால் மட்டும் பதிவு செய்" என்ற நிலையிலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் டிப்புக்கு உங்கள் ரிலே ட்ரிப் ஆகாது, ஆகவும் கூடாது. ஆகவே பதிவும் இருக்காது. "ரிலேயில் ஒன்றுமே இல்லை, அப்படியானால் டிப்பே வரவில்லை" என்று முடிவு கட்டுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அண்டர்வோல்டேஜ் எலிமென்ட் (ரிலேக்குள் ஒரு நிபந்தனையைக் கவனிக்கும் பகுதி) ஒன்றை 90 சதவீதத்தில், தாமதம் இல்லாமல், ரெக்கார்டரை மட்டும் கிளப்பும்படி அமையுங்கள். ஓவர்வோல்டேஜ் ஒன்றை 110 சதவீதத்தில் அதேபோல் வையுங்கள். ஐ.இ.இ.இ. 1159 தரநிலையும் இந்த எல்லைகளைத்தான் சொல்கிறது: மின்னழுத்தம் 10 முதல் 90 சதவீதத்துக்குள் இறங்கி அரை சைக்கிள் முதல் 1 நிமிடம் வரை இருந்தால் அது டிப். 10 சதவீதத்துக்கும் கீழே போனால் இன்டரப்ஷன். 1 நிமிடத்தைத் தாண்டினால் அண்டர்வோல்டேஜ். சில ரிலேக்களில் டிப், ஸ்வெல் (மின்னழுத்த ஏற்றம்), இன்டரப்ஷன் மூன்றையும் பதிவதற்கென்றே தனி வசதி இருக்கும். இருந்தால் அதையே ஆன் செய்யுங்கள், பிரதான ரெக்கார்டரின் நினைவகம் வீணாகாது.

இதில் ஒரு கண்டிப்பு. புதிய எலிமென்ட், எது பிரேக்கரைத் திறக்கலாம் என்று சொல்லும் ட்ரிப் மேட்ரிக்ஸில் எங்கும் சேர்ந்துவிடக் கூடாது. ஒரு டிக் தவறாக விழுந்தால் அடுத்த டிப்பில் மொத்த ஆலையும் இருட்டாகும். ஷட்டவுன் கிடைக்கும் நாளில் செகண்டரி இன்ஜெக்ஷன் (சோதனைக் கருவியிலிருந்து ரிலேக்கு மின்னழுத்தம் கொடுத்தல்) செய்து, ரெக்கார்டர் கிளம்புகிறது, பிரேக்கர் அசையவில்லை என்று பார்த்த பிறகே விடுங்கள். வேலை செய்யும்போது ஓடுகிற சி.டி.யின் (மின்னோட்டத்தைக் குறைத்து ரிலேக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியைத் திறக்கக் கூடாது, பி.டி.யின் (மின்னழுத்தத்துக்கு அதே வேலை செய்வது) செகண்டரியை ஷார்ட் செய்யக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களுக்கும் விபத்து நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அடுத்து, ட்ரிகருக்கு, அதாவது பதிவு கிளம்பும் கணத்துக்கு, முந்தைய பகுதியை 10 சைக்கிளாவது வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட், ஆக 200 மில்லிசெகண்ட். டிப் எப்படித் தொடங்கியது என்பது அந்தப் பகுதியில்தான் இருக்கும். பதிவை வடிகட்டிய வடிவில் எடுக்காமல் மூல அலைவடிவமாகவே எடுங்கள். ரிலே தன் பாதுகாப்புக் கணக்குக்காக 50 ஹெர்ட்ஸ் தவிர மற்றதையெல்லாம் வடிகட்டி, ஒரு முழு சைக்கிளைச் சேர்த்துப் பார்க்கிறது. அரை சைக்கிளில் வந்து போன ஆழமான டிப் அந்தக் கணக்கில் ஆழம் குறைந்து தெரியும். ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் அலைகள்) சுத்தமாகக் காணாமல் போகும்.

பி.டி. எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். இரண்டே பி.டி. வைத்து ஓப்பன் டெல்டாவில் இணைத்திருந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் ரிலேக்குத் தெரியவே தெரியாது. எர்த் ஃபால்டால் வரும் டிப்பைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே நொடியில் பல மோட்டார்கள் நின்றன, எந்த ரிலேயும் ட்ரிப் காட்டவில்லை

வடசென்னை ஆலைகளில் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் காரணம் கான்டாக்டர், அதாவது மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்ச். ஏ.சி. காயில் கான்டாக்டரின் காயில் மின்னழுத்தம் எந்த அளவில் விழுந்தால் அது விட்டுவிடலாம் என்பதற்கு ஐ.இ.சி. தரநிலை தரும் வரம்பு மிக அகலமானது: 75 முதல் 20 சதவீதம் வரை. நடைமுறையில் பல கான்டாக்டர்கள் பாதி மின்னழுத்தத்துக்கு அருகில், ஒன்றிரண்டு சைக்கிளில் விட்டுவிடுகின்றன. கான்டாக்டர் விட்டது ரிலே கணக்கில் ட்ரிப் இல்லை. மோட்டார் நின்றது, கொடி (ரிலேயின் ட்ரிப் அடையாளம்) எதுவும் விழவில்லை என்ற குழப்பம் இதனால்தான்.

ரெக்கார்டரில் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வடிவம். மின்னழுத்தம் செங்குத்தாக விழுந்து, சமமாக ஓடி, செங்குத்தாக எழுந்தால் அது ஃபால்ட். எங்கோ ஒரு பிரேக்கர் திறந்தபோது டிப் முடிந்தது. 80 முதல் 120 மில்லிசெகண்ட் வரை நீடித்திருந்தால் உடனடி எலிமென்ட் வேலை செய்திருக்கிறது. அரை நொடிக்கு மேல் இழுத்திருந்தால் தாமதம் வைத்த எலிமென்ட். அதே டிப் சில நொடி இடைவெளியில் மறுபடியும் வந்தால், பிரேக்கரைத் தானாக மறுபடி மூடும் ஆட்டோ ரீக்ளோசரோ ஆளோ அந்த லைனை மறுபடி சார்ஜ் செய்து பார்த்திருக்கிறார்கள். செங்குத்தாக விழுந்து சாய்வாக, நிதானமாக எழுந்தால் அது ஃபால்ட் இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டோ டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜிங்கோ.

இரண்டாவது மின்னோட்டம். யார் பக்கம் தப்பு என்ற கேள்விக்கு விடை இதில்தான். மின்னழுத்தம் விழுந்த அதே கணத்தில் இன்கமர் மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்தால் ஃபால்ட் உங்கள் பக்கம். மின்னழுத்தம் விழும்போது மின்னோட்டமும் இறங்கினாலோ பெரிதாக மாறாமல் இருந்தாலோ அது மேலே, சப்ளை பக்கம். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மோட்டார்கள் முதல் ஒன்றிரண்டு சைக்கிளுக்கு ஜெனரேட்டரைப் போல ஃபால்டை நோக்கி மின்னோட்டத்தைத் தள்ளும். அதைப் பார்த்து "நம் பக்கம்தான்" என்று சொல்லிவிடக் கூடாது. டைரக்‌ஷனல் எலிமென்ட் இருந்தால் திசை எந்தப் பக்கம் என்று அது காட்டும். இன்னொன்று, டிப் முடிந்ததும் வேகம் குறைந்திருந்த மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து மறுபடி வேகம் பிடிக்கும்போது மின்னோட்டம் எகிறும். அது விளைவு, காரணம் இல்லை. மின்னோட்டம் ஏறியது டிப்பின் தொடக்கத்திலா முடிவிலா என்று பாருங்கள். ஆலைக்குள் ஜெனரேட்டர் கிரிட்டோடு இணைந்து ஓடினால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், ஜெனரேட்டர் ரிலேயின் பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, எந்த ஃபேஸ் எவ்வளவு. "பாதி ஆலை நின்றது, பாதி ஓடியது, எப்படி?" என்ற கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். 11 கிலோவோல்ட் லைனில் ஆர் ஃபேஸ் மட்டும் எர்த் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ட் அருகிலேயே இருந்தால் அந்த ஃபேஸ் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆனால் உங்கள் 11 கே.வி./433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் டெல்டா ஸ்டார். அதன் வழியே எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பக்கம் வரும்போது இரண்டு ஃபேஸ்கள் நியூட்ரலுக்கு 58 சதவீதமாக இறங்கும், மூன்றாவது ஃபேஸ் 100 சதவீதத்திலேயே நிற்கும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே பார்த்தால் ஒன்று 33 சதவீதம், மற்ற இரண்டும் 88 சதவீதம்.

இப்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சப்ளையும் எந்த ஃபேஸிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நல்ல ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு எடுத்தவை அசையாமல் நிற்கும். 33 சதவீதத்தில் மாட்டியவை நிச்சயம் விடும். 58இல் இருப்பவை கான்டாக்டரின் குணத்தைப் பொறுத்தது. ஃபால்ட் தொலைவில் இருந்தால் இந்த எண்கள் எல்லாம் மேலே ஏறும், ஆனால் அமைப்பு இதேதான். எந்த மோட்டார்கள் நின்றன என்ற பட்டியலையும் கன்ட்ரோல் வயரிங் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால், மேலே எந்த ஃபேஸில் ஃபால்ட் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

தீர்வு மலிவானது. முக்கியமான மோட்டார்களின் கன்ட்ரோல் சப்ளையை மட்டும் சின்ன யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றினால் 100 மில்லிசெகண்ட் டிப்பைத் தாண்டிவிடும். மோட்டாரின் சுழற்சியே அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ளும். யு.பி.எஸ். போடும்போது நீண்ட இன்டரப்ஷனுக்குப் பிறகு எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி, நேரத் தாமதத்தோடு ஓர் அண்டர்வோல்டேஜ் ட்ரிப் கட்டாயம் வேண்டும். ஆள் கை வைத்திருக்கும் இயந்திரங்களில் இதைச் செய்யவே கூடாது. அங்கே கான்டாக்டர் விழுவதுதான் பாதுகாப்பு.

புதிய பேனல் வாங்கும்போது செமி எஃப்47 தரநிலையைக் கேளுங்கள். செமிகண்டக்டர் தொழிலுக்காக வந்தது என்றாலும் அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தும்: மின்னழுத்தம் 50 சதவீதமாக 0.2 நொடி, 70 சதவீதமாக 0.5 நொடி, 80 சதவீதமாக 1 நொடி இறங்கினாலும் கருவி ஓட வேண்டும்.

இன்கமரின் 27 எலிமென்ட் (அண்டர்வோல்டேஜ் ட்ரிப்) தாமதமே இல்லாமல் அமைக்கப்பட்டிருந்தால் அண்டை ஃபீடரின் ஃபால்டுக்கெல்லாம் உங்கள் ஆலை நிற்கும். மேலே இருக்கும் பிரேக்கர் ஃபால்டைத் துண்டிக்க எடுக்கும் நேரத்தைவிட உங்கள் 27 பொறுமையாக இருக்க வேண்டும்.

அறிகுறி: பனிக்கால விடியலில் சின்னச் சின்ன டிப், தானாகவே சரியாகிறது

கடலோரம் என்பதால் இது நம் பகுதிக்கே உரியது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இன்சுலேட்டரில் பூசுகிறது. அதன்மேல் நிலக்கரித் தூசு, சாம்பல், லாரிப் புழுதி. சென்னைக்கு மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கழுவ ஆள் இல்லை. உப்பு காய்ந்து கிடக்கும்வரை தொல்லை இல்லை. மார்கழி, தை மாதங்களின் பனியோ, கோடையில் வரும் லேசான தூறலோ அதை நனைக்கும்போதுதான் மேற்பரப்பில் மின்சாரம் கசிந்து ஃப்ளாஷ்ஓவர் ஆகிறது. பெருமழை வந்தால் உப்பைக் கழுவிவிடும். ஆகவே "நல்ல மழையில் ஒன்றும் ஆகவில்லை, தூறலுக்குப் போய்விட்டது" என்று லைன்மேன் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், நம்புங்கள்.

ரெக்கார்டரில் இதன் முகம் தெளிவானது. ஒரு ஃபேஸ் மட்டும் இறங்கும். ஜீரோ சீக்வென்ஸ் மின்னழுத்தம் (எர்த் ஃபால்டின் அடையாளம்) எட்டிப் பார்க்கும். நேரம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், சூரியன் ஏறுவதற்கு முன். இன்கமர் மின்னோட்டம் ஏறாமல் இருந்தால் வெளி லைனில். ஏறினால் உங்கள் யார்டிலேயே, லைட்னிங் அரெஸ்டரோ ஏ.பி. (ஏர் பிரேக்) ஸ்விட்ச் இன்சுலேட்டரோ. இருட்டில் தள்ளி நின்று பாருங்கள், நீல நிறத்தில் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். ஷட்டவுன் எடுத்துக் கழுவித் துடைப்பது முதல் மருந்து. மாற்றும்போது சிலிக்கான் ரப்பர் பாலிமர் இன்சுலேட்டர் போட்டால் தண்ணீர் படலமாகப் பரவாமல் துளித்துளியாக நிற்கும், கசிவு குறையும். இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியான க்ரீப்பேஜ் தூரத்தைக் கடலோர மாசுக்கு ஏற்றபடி கேட்டு வாங்குங்கள். உள்நாட்டு ஆலைக்குப் போட்ட அளவு இங்கே போதாது.

அறிகுறி: மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு அரை சைக்கிள் மின்னோட்டப் பாய்ச்சல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை இடங்கள் தண்ணீரில் நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி நின்ற கேபிள் ட்ரெஞ்சுகள் காய்ந்த பிறகும் ஜாயின்ட்டுக்குள் போன ஈரம் போவதில்லை. அது உடனே வெடிக்காது. மின்னழுத்தம் உச்சத்தை எட்டும் கணத்தில் ஒரு பொறி, கால் அல்லது அரை சைக்கிளில் தானே அணைந்துவிடும். ஓவர்கரன்ட் எலிமென்ட் ட்ரிப் கொடுப்பதற்குள் முடிந்துபோயிருக்கும். கொடி இல்லை, அலாரம் இல்லை. வாரங்கள் கழித்து அதே ஜாயின்ட் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் நிரந்தரமாகப் போகும்.

இதைப் பிடிக்க ஃபீடர் ரிலேயில் உடனடி ஓவர்கரன்ட் பிக்கப்பை ரெக்கார்டர் ட்ரிகராக வையுங்கள், மூல அலைவடிவத்தைப் பாருங்கள். ஒரே ஃபேஸில், மின்னழுத்த உச்சத்தின் அருகில், ஒரு பக்கம் மட்டும் எழும் ஒற்றைக் கூர் தெரிந்தால் கேபிள்தான். அந்தக் கூர்கள் நெருங்கி வர ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். ஷட்டவுன் கேட்டு வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) சோதனை செய்து ஜாயின்ட்டை மாற்றுங்கள். பவர் குவாலிட்டி கண்காணிப்புக்கென்று செலவழித்த உழைப்பு எல்லாம் இந்த ஒரு முன்னறிவிப்பில் திரும்பக் கிடைத்துவிடும்.

அறிகுறி: உங்கள் பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மற்றவை தடுமாறுகின்றன

ஐஸ் ஃபேக்டரியின் அமோனியா கம்ப்ரஸரோ குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரஸரோ நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். மூன்று ஃபேஸும் சமமாக இறங்கும், சில நொடிகளில் சாய்வாக ஏறும். மின்னோட்டம் அதற்கு நேர் எதிராக ஏறி இறங்கும். சந்தேகத்துக்கு இடமே இல்லை, காரணம் உள்ளேதான். சாஃப்ட் ஸ்டார்ட்டரோ டிரைவோ (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடுங்கள், இரண்டு கம்ப்ரஸரை ஒன்றாகக் கிளப்பாதீர்கள்.

ஃபேஸ்கள் சமமில்லாமல் இறங்கி, மின்னோட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டாம் ஹார்மோனிக் அதிகம் இருந்தால் அது மோட்டார் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இன்ரஷ், அதாவது சார்ஜ் செய்யும் கணத்தில் பாயும் மின்னோட்டம்.

அறிகுறி: தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டிரைவ்கள் மட்டும் "ஓவர்வோல்டேஜ்" என்று நிற்கின்றன

பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேங்க் சேரும் நேரம் அது. சப்ஸ்டேஷனில் லோடு ஏறும் காலை நேரத்தில் பேங்க் ஆன் ஆகும். பொதுவாக 300 முதல் 900 ஹெர்ட்ஸ் வரையிலான ஓர் அலைவு, மின்னழுத்த உச்சத்தை 1.3 முதல் 1.5 மடங்கு வரை தூக்கி, ஒரு சைக்கிளுக்குள் அடங்கிவிடும். கோட்பாட்டளவில் 2 மடங்கு வரை போகும். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை, டிரைவின் டி.சி. பஸ் மட்டும் ஏறிப்போய் டிரைவ் நின்றுவிடும்.

ரிலே இங்கே பலவீனமானது. ஒரு சைக்கிளுக்கு 32 மாதிரி எடுக்கும் ரிலே நொடிக்கு 1600 மாதிரி எடுக்கிறது. ஆக அதிகபட்சம் 800 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும். உள்ளே இருக்கும் வடிகட்டி அதையும் குறைத்துவிடும். 16 மாதிரி ரிலே என்றால் 400தான். எனவே ரிலே காட்டும் உச்சத்தின் அளவை நம்பாதீர்கள், நேரத்தை மட்டும் நம்புங்கள். டிரைவின் ஃபால்ட் லாக், கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து எடுக்கும் உங்கள் ஏ.பி.எஃப்.சி. பேனலின் ஸ்டெப் மாறிய நேரம், ரிலேயின் நேரம் மூன்றும் ஒன்றாக விழுந்தால் போதும். சொந்த பேங்க்தான் காரணமா என்று அறிய ஒரு நாள் அதை மேனுவலில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். டிரைவ் முன்னால் 3 சதவீத லைன் ரியாக்டர் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அறிகுறி: கெப்பாசிட்டர் வீங்குகிறது, ஃப்யூஸ் அடிக்கடி போகிறது, ரிலேயில் எல்லாம் இயல்பு

ஹார்மோனிக். ரிலேயின் திரையில் எல்லாம் சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் அது 50 ஹெர்ட்ஸை மட்டும் காட்டுவதுதான். ஆறு பல்ஸ் டிரைவ்கள் 5, 7, 11, 13ஆம் ஹார்மோனிக்குகளைத் தள்ளுகின்றன. அவற்றை உங்கள் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ரெசொனன்ஸில் பெருக்கிவிடலாம்.

எந்த ஹார்மோனிக்கில் ரெசொனன்ஸ் வரும் என்ற கணக்கு எளிது. ஷார்ட் சர்க்யூட் எம்.வி.ஏ.வைக் கெப்பாசிட்டர் எம்.வி.ஏ.ஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஷார்ட் சர்க்யூட் அளவு 20 எம்.வி.ஏ. ஏ.பி.எஃப்.சி. 400 கே.வி.ஏ.ஆர். சேர்த்திருந்தால் 20ஐ 0.4ஆல் வகுத்து 50, வர்க்கமூலம் சுமார் 7. அதாவது ஏழாம் ஹார்மோனிக்கின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. 800 கே.வி.ஏ.ஆர். ஆனால் சரியாக 5. ஸ்டெப் சேரச் சேர ரெசொனன்ஸ் ஏழிலிருந்து ஐந்துக்கு நகர்கிறது, இரண்டு முனையிலும் ஆபத்து. "ராத்திரி ஷிஃப்டில் மட்டும் ஃப்யூஸ் போகுது" என்ற புகாருக்கு இதுதான் காரணமாக இருக்கும், ஏனென்றால் எத்தனை ஸ்டெப் உள்ளே இருக்கிறது என்பது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறது.

கெப்பாசிட்டரோடு தொடராக 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டர் (ஒரு காயில்) போட்டால் அந்தக் கிளை 189 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகிறது, ஐந்தாம் ஹார்மோனிக்கின் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ரியாக்டர் போட்டதும் கெப்பாசிட்டரின் மேல் விழும் மின்னழுத்தம் ஏழெட்டு சதவீதம் ஏறும் என்பதால் கெப்பாசிட்டரும் உயர்ந்த மின்னழுத்த வகையாக, பொதுவாக 525 வோல்ட், மாற்றப்பட வேண்டும். பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டருக்கு ரியாக்டரை மட்டும் மாட்டுவது பணத்தையும் கெப்பாசிட்டரையும் சேர்த்து இழப்பது.

மின்னழுத்த ஹார்மோனிக்குக்கு ஐ.இ.இ.இ. 519 சொல்லும் மொத்த வரம்பு 1 முதல் 69 கிலோவோல்ட் வரை 5 சதவீதம், 1 கிலோவோல்டும் அதற்குக் கீழும் 8 சதவீதம். இதை நிரூபிக்க ரிலே போதாது. ஐ.இ.சி. 61000-4-30 ஏ வகுப்பு அனலைசர் ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். இந்த ஓர் அறிகுறிக்கு அந்தச் செலவு நியாயமானது.

அறிகுறி: ரிலே ஒரு ஃபேஸ் இல்லை என்கிறது, ஆலை ஜாம்ஜாம் என்று ஓடுகிறது

பி.டி. ஃப்யூஸ். ஒரு ஃபேஸ் முழுதாகப் போனால் ரிலே பாசிட்டிவ் சீக்வென்ஸை (மின்னழுத்தத்தின் சமநிலையான பகுதி) 67 சதவீதமாகவும் நெகட்டிவ், ஜீரோ சீக்வென்ஸ்களை (சமமின்மையைக் காட்டும் பகுதிகள்) 33 சதவீதமாகவும் காட்டும். அருகில் எர்த் ஃபால்ட் வந்தாலும் மின்னழுத்தப் படம் இதேதான். வேறுபடுத்துவது மின்னோட்டமும் கால அளவும். ஃபால்ட் மில்லிசெகண்டுகளில் போய்விடும், ஃப்யூஸ் போனால் மாற்றும்வரை அப்படியே நிற்கும், மின்னோட்டம் மூன்று ஃபேஸிலும் சமமாக இருக்கும். ஃப்யூஸ் ஃபெயில் எலிமென்ட்டை ஆன் செய்து அதைக் கொண்டு 27ஐ பிளாக் செய்யுங்கள்.

மின்னோட்டமும் சமமில்லாமல் இருந்தால் அன்பேலன்ஸ் நிஜம். மின்னழுத்தத்தில் 1 சதவீத அன்பேலன்ஸ் மோட்டார் மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதமாகப் பெருகும், ரோட்டார் சூடாகும். ஜம்பர் லூஸ், கருகிய ஐசொலேட்டர் பிளேடு, ஒரே ஃபேஸில் குவிந்த வெல்டிங் செட்டுகள் என்று தேடிக்கொண்டு போங்கள். எல்.டி. பக்கம் ஒரு ஃபேஸ் ஏறி இன்னொன்று இறங்கினால் நியூட்ரலைப் பாருங்கள், உடனே பாருங்கள்.

அறிகுறி: விளக்கு மினுங்குகிறது

வெல்டிங் பட்டறையும் ஃபர்னஸும் உள்ள இடங்களில் வரும். கண் மிக நுட்பமாக உணர்வது நொடிக்கு 8.8 முறை ஆடும் மினுங்கலை. ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆட்டம்கூடத் தெரியும், 90 சதவீத ட்ரிகர் இதைப் பார்க்கவே பார்க்காது. ரிலேயை விட்டுவிட்டு ஃப்ளிக்கர் மீட்டர் எடுங்கள்.

அறிகுறி: ஜெனரேட்டர் அல்லது சோலார் பிரேக்கர் மட்டும் "அதிர்வெண்" என்று திறக்கிறது

2013 டிசம்பர் 31 முதல் தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்தியங்குகிறது. அதிர்வெண்ணுக்கான அனுமதி வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். உண்மையிலேயே கிரிட் 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தால் அது நாடு முழுவதும் செய்தியாகியிருக்கும். உங்கள் ரிலே மட்டும் அப்படிச் சொன்னால், டிப்பின் தொடக்கத்தில் மின்னழுத்தத்தின் கோணம் குதித்திருக்கிறது, ரிலே அதை அதிர்வெண் மாற்றமாகக் கணக்கிட்டிருக்கிறது. அதிர்வெண் மாறும் வேகத்தைப் பார்க்கும் ஆர்.ஓ.சி.ஓ.எஃப்., கோணக் குதிப்பைப் பார்க்கும் வெக்டர் ஷிஃப்ட் எலிமென்ட்கள் இதற்கு எளிதில் ஏமாறும். டிப் நேரத்தில் அவற்றைத் தடுக்கும் மின்னழுத்த பிளாக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஐலண்டிங் பாதுகாப்பு, அதாவது கிரிட் போன பிறகு ஜெனரேட்டரோ சோலாரோ தனியே லைனுக்கு மின்சாரம் தராமல் தடுப்பவை. தயாரிப்பாளரையும் மின் வாரியத்தையும் கேட்காமல் அமைப்பைத் தளர்த்தாதீர்கள்.

அறிகுறி: பதிவுகளின் நேரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் ஒரு ரிலே சர்வதேச நேரத்தில், இன்னொன்று இந்திய நேரத்தில் ஓடுகிறது. சில நிமிடம் என்றால் கடிகாரம் யாரும் தொடாமல் நகர்ந்திருக்கிறது. ஜி.பி.எஸ். கடிகாரமும் அதன் நேரத்தை ரிலேக்குக் கொண்டுவரும் ஐரிக்-பி கேபிளும் இருந்தால் மில்லிசெகண்ட் அளவுக்குச் சேரும். அது முடியாவிட்டால் நெட்வொர்க் வழியே நேரம் தரும் எஸ்.என்.டி.பி. போதும். அதுவும் இல்லாத ஆலையில் மாதம் ஒருமுறை கையால் சரிசெய்து, எவ்வளவு தள்ளியிருந்தது என்று ரெஜிஸ்டரில் எழுதுங்கள். அந்தக் குறிப்பை வைத்துப் பழைய பதிவுகளையும் திருத்திப் படிக்கலாம்.

பதிவே காணோம் என்றால் நினைவகம் நிரம்பிப் பழையதை அழித்திருக்கிறது. 90 சதவீத ட்ரிகர் அடிக்கடி கிளம்பும் ஆலையில் இது சகஜம். ட்ரிப் நடந்த ஷிஃப்டிலேயே பதிவிறக்கம் செய்ய வேண்டும், திங்கட்கிழமை இன்ஜினியர் வரட்டும் என்று விடக் கூடாது.

மின் வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போகும்போது

"சார், நேத்து பவர் சரியில்ல" என்று போனால் உதவிப் பொறியாளரான ஏ.இ.யால் எதையும் தேட முடியாது. தேதி, இந்திய நேரம் நொடி வரை, எந்த ஃபேஸ், எத்தனை சதவீதம், எத்தனை மில்லிசெகண்ட், இன்கமர் மின்னோட்டம் ஏறியதா இறங்கியதா, இந்த ஆறையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சப்ஸ்டேஷன் லாக்கில் அதே நேரத்தில் எந்த ஃபீடர் ட்ரிப் ஆனது என்று அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். டிப் என்று இல்லாமல் நிலையாகவே குறைவு என்றால் பேச்சு வேறு: ஹெச்.டி. சப்ளைக்கு அனுமதி கூட்டல் 6, கழித்தல் 9 சதவீதம். 11 கிலோவோல்டில் அது 11.66க்கும் 10.01க்கும் இடையே. அதற்கு ஒரு வார ட்ரெண்ட் பதிவு கொண்டுபோக வேண்டும், ஒற்றை அலைவடிவம் உதவாது.

காம்ட்ரேட் (ரிலே பதிவுகளுக்கான பொதுவான கோப்பு வடிவம்) பதிவைக் கொடுக்கும்போது கான்ஃபிகரேஷன் கோப்பு, டேட்டா கோப்பு இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் கொடுங்கள். டேட்டா கோப்பு மட்டும் போனால் எது மின்னழுத்தம், எது மின்னோட்டம், என்ன ரேஷியோ என்று எதுவும் தெரியாது, யாராலும் திறந்து படிக்க முடியாது.